நாங்கள் எரித்தோம்

அசுன்சியோன்,
4 மார்ச் 2003

எவுசேபியாவுக்கு,

உறையின் மேல் என் பெயரைப் பார்த்ததும் இதை அடுப்பில் போட்டிருக்க மாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன். எட்டு வருஷம் ஆயிற்று. முதலில் "கொமாத்ரே" என்றுதான் ஆரம்பித்தேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். உன் பெண் சுனில்தாவுக்கு நான் ஞானத்தாய் என்பதை நீ இன்னும் ஒப்புக்கொள்கிறாயா என்று தெரியாமல் உன்னை அப்படி அழைப்பது முறையில்லை.

டிசம்பரில் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்றேன். இப்போது காலையில் தெரெரே குடித்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்து தெருவில் பேசுகிறவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எதிர்வீட்டுக் குழந்தை குவாரானியில் தண்ணீர் கேட்கிறது. தண்ணீருக்கு நம்மிடம் இருப்பது ஒற்றை உயிரெழுத்துத்தானே, உதட்டைக் குவிக்காமல், இளிக்காமல் சொல்வது. அந்தக் குழந்தை "இ" என்கிறது. என்னைக் கேலி செய்வாயே, "தண்ணி கேக்கறியா, எலியப் பாத்துக் கத்தறியா?" என்று, அது ஞாபகம் வந்தது. குவாரானி பேசினால் அம்மா வாயில் அடிக்கும் வீட்டில் வளர்ந்தவள் நான். அந்தச் சத்தம் எனக்கு வாய்த்தது உன் சமையல்கட்டில்தான்.

எழுதுவதற்குக் காரணம் இது. மொழி ஆராய்ச்சிக்காக நான் பதிவு செய்த ஒலிநாடாக்களை நீதிமன்றம் திருப்பிக் கொடுத்துவிட்டது. நாற்பத்திரண்டும் ஒரு சோப்புப் பெட்டியில் வந்தன. ஓர் ஆய்வு நிறுவனம் அவற்றை எல்லோரும் கேட்கும்படி பாதுகாத்து வைக்க விரும்புகிறது. அவற்றில் பதினேழு உன் வீட்டில் பதிவு செய்தவை. உன் சம்மதக் கையெழுத்து வேண்டும்.

இன்னொன்று. அந்த நாடாவை நான் போலீசிடம் கொடுக்கவில்லை. சோதனைச் சாவடியில் காரை நிறுத்திப் பெட்டியோடு எடுத்துக்கொண்டார்கள். அப்போதே சொல்ல வந்தேன். நீ கதவைத் திறக்கவில்லை.

நிமியா ஓவெலார்


இவிராரோ குடியிருப்பு, காகுவாசு,
19 மார்ச் 2003

டாக்டர் நிமியா ஓவெலார் அவர்களுக்கு,

கடிதம் பஸ் டிரைவரிடமிருந்து வந்து சேர்ந்தது. அடுப்பில் போடத்தான் நினைத்தேன். சுனில்தா பிடுங்கி வாசித்துவிட்டாள். பதினாறு வயதாகிறது, பிடுங்குகிற வயது.

கையெழுத்து கிடையாது.

நாங்கள் பேசியதையெல்லாம் நீங்கள் பெட்டியில் பிடித்துக்கொண்டு போனீர்கள். போலீஸ் எடுத்தது என்றால் எடுத்ததுதான். பெட்டியை எங்கள் சமையல்கட்டில் கொண்டுவந்து வைத்தது யார்? "சும்மா பேசுங்க, நான் இல்லேன்னு நெனச்சுக்குங்க" என்று சொன்னது யார்? நாங்களும் பைத்தியம் மாதிரி, இல்லை என்றே நினைத்துக்கொண்டோம்.

லாதிஸ்லாவோ ஐந்து வருஷம் ஓவியேதோ சிறையில் இருந்தார். வந்து மூன்று வருஷமாகிறது. வீட்டுக்குள் பேசமாட்டார். பக்கத்து வீட்டில் ரேடியோ பாடினால்கூட வாயை மூடிக்கொள்வார். ஏதாவது சொல்ல வேண்டுமானால் என்னை மரவள்ளித் தோட்டத்துக்கு நடுவில் கூட்டிப் போவார். "உப்பு தீந்துபோச்சு" என்று சொல்வதற்குக்கூட.

சென்ற மாதம் நில அலுவலகத்திலிருந்து வந்தார்கள். இருபது வருஷமாக உழுகிற பத்து ஹெக்டேருக்குப் பட்டா கொடுக்கப் போகிறார்களாம். எல்லோருக்கும் கொடுத்தார்கள். எங்களுக்கு மட்டும் இல்லை. தீ வைத்துத் தண்டனை பெற்றவர் பெயரில் பட்டா எழுத முடியாதாம். அந்தப் பண்ணைக்காரனின் டிராக்டர் கொட்டகை எரிந்தபோது இவர் வீட்டில் எனக்குப் பக்கத்தில் படுத்திருந்தார். அது உங்களுக்கும் தெரியும்.

நீங்கள் என்னை "நீ" என்றே எழுதியிருக்கிறீர்கள். எழுதுங்கள். எனக்கு அப்படி வரவில்லை.

எவுசேபியா கன்யேதே


அசுன்சியோன்,
2 ஏப்ரல் 2003

எவுசேபியா,

கையெழுத்து வேண்டாம். நாடாக்களை யாரிடமும் கொடுக்கப் போவதில்லை. உன் கடிதத்தைப் பார்த்த பிறகு அதைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது.

போன கடிதத்தில் போலீஸ் எடுத்தது என்று எழுதினேன். அது உண்மை. ஆனால் நான் செய்த காரியம் வேறொன்று இருக்கிறது, அதை உனக்குச் சொல்லாமல் எட்டு வருஷம் இருந்துவிட்டேன்.

பதினேழாம் நாடா. கொட்டகை எரிந்ததற்கு மறுநாள் மத்தியானம். நீ உரலில் சோளம் இடித்துக்கொண்டிருக்கிறாய். ஓர் ஆண் வந்து லாதிஸ்லாவோவிடம் சொல்கிறான்: "நாங்க எரிச்சிட்டோம்." லாதிஸ்லாவோ பதில் சொல்லவில்லை. நாற்காலி நகரும் சத்தம் மட்டும். யார் அந்த ஆள் என்று நீதிமன்றத்தில் கேட்டபோது குரல் அடையாளம் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அந்தப் பொய்யை மட்டும் இன்றைக்கும் மறுபடி சொல்வேன்.

அந்த நாடாவை ஸ்பானிஷில் மொழிபெயர்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். நம் மொழியில் "நாம்" வேறு, "நாங்கள்" வேறு. "நாங்க எரிச்சிட்டோம்" என்று ஒருவன் உன் முகத்தைப் பார்த்துச் சொன்னால் எரித்தவர்களில் நீ இல்லை என்று அர்த்தம். ஏழு வயதுக் குழந்தைக்கும் தெரியும். ஸ்பானிஷில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், நொஸோத்ரோஸ். அதைத்தான் எழுதினேன். வேறு சொல் இல்லை. ஆனால் பக்கத்தின் அடியில் ஒரு குறிப்புப் போட்டிருக்கலாம்: "பேசுபவர் கேட்பவரைச் சேர்க்கவில்லை." ஒரே வரி.

போட்டும் இருந்தேன், எவுசேபியா. அந்த நாலு பக்கத்துக்குப் பதினோரு குறிப்பு எழுதியிருந்தேன். குமாஸ்தா தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டாக்டர், இது உங்க வகுப்பு இல்ல. சுத்தமா அடிச்சுக் குடுங்க. கீழ ஒரு வரி இருக்கக்கூடாது" என்றார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை எனக்கு மெக்சிகோவுக்கு விமானம். உட்கார்ந்து சண்டை போட்டால் பயணம் போய்விடும் என்று பயந்தேன். பதினொன்றையும் எடுத்துவிட்டுச் சுத்தமாக அடித்துக் கொடுத்தேன். சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. "எரித்தோம்" என்று இரண்டு பேர் பேசிக்கொண்டதாகத் தாள் சொன்னது. அதில் ஒருவர் யாரென்று தெரிந்தது, அவரைப் பிடித்தார்கள்.

மெக்சிகோவில் என்ன பேசினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதுவும் பாதி உண்மையாகிவிடும். குவாரானியில் "நாம்", "நாங்கள்" என்ற இரண்டு சொற்களைப் பற்றித்தான் கட்டுரை படித்தேன். எடுத்துக்காட்டுகள் உன் சமையல்கட்டுப் பேச்சு. எழுந்து நின்று கைதட்டினார்கள்.

நிமியா


அசுன்சியோன்,
28 ஏப்ரல் 2003

எவுசேபியா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒரு நல்ல செய்தி. கடிதம் எழுதிய பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பழைய மொழிபெயர்ப்பில் பிழை இருக்கிறது என்று 21-ஆம் தேதி நீதிமன்றத்தில் மனுப் போட்டுவிட்டேன், நாடாவின் பிரதியோடு. இந்தத் தடவை குறிப்பு ஒரு பக்கம் முழுக்க. பேசியவன் கேட்டவரை விலக்கித்தான் சொன்னான், ஆகவே லாதிஸ்லாவோ எரித்தவர்களில் இல்லை என்று எழுதியிருக்கிறேன். வக்கீல், இது நிற்கும் என்கிறார். தண்டனையை அழித்தால் பட்டா கிடைக்கும்.

சுனில்தாவிடம் சொல். அவள் அப்பா குற்றவாளி இல்லை என்று காகிதம் வரும்.

நிமியா


இவிராரோ,
27 ஏப்ரல் 2003

நிமியா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மாவுப் பானைக்குள் வைத்திருக்கிறேன், சுனில்தா கண்ணில் படாமல். எழுதலாமா வேண்டாமா என்று தினமும் யோசித்தேன். இன்றைக்கு ஞாயிறு, இரண்டு பேரும் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள்.

நீ செய்தது பெரிய தப்பு. விமானத்துக்காக ஒரு வரியை எடுத்தாய். அதை வாசித்தபோது உன் தலைமுடியைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் நீ உண்மையைச் சொல்லிவிட்டாய். நானும் சொல்ல வேண்டும்.

அந்தக் குரல் யாருடையது என்று உனக்குத் தெரியும். என் தம்பி தாச்சோ. அவனும் இன்னும் இரண்டு பேரும் போனார்கள். எங்கள் குடிசைகளை இடித்த டிராக்டரை எரிக்கத்தான் போனார்கள். உள்ளே காவல்காரன் தூங்கிக்கொண்டிருந்தது தெரியாது. அவன் கை வெந்துபோயிற்று.

விசாரணையன்று குமாஸ்தா உன் தாளை வாசித்தார். லாதிஸ்லாவோவுக்கு ஸ்பானிஷ் அரைகுறைதான், ஆனால் "நொஸோத்ரோஸ்" புரியாத ஆள் யார்? எங்கள் வக்கீல் குனிந்து, "அந்த ஆளு 'நாம'ன்னா சொன்னான், 'நாங்க'ன்னா சொன்னான்? ஞாபகம் இருந்தா இப்பவே சொல்லுங்க" என்று கேட்டார். அவர் வாயைத் திறந்தார். திறந்துவிட்டு என்னைப் பார்த்தார். "நாங்க" என்று சொன்னால் அடுத்த கேள்வி, யார் அந்த நாங்க? தாச்சோவின் பெண்டாட்டிக்கு அப்போது ஏழு மாதம்.

நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று. இவ்வளவுதான் செய்தேன், தலையை ஆட்டினேன். அவர் வாயை மூடிக்கொண்டார். இன்னும் மூடிக்கொண்டுதான் இருக்கிறார்.

தாச்சோ போய்ச் சரணடைகிறேன் என்று அழுதான். "போனா ரெண்டு பேரும் உள்ள இருப்பீங்க. வயல யாருடா உழுவுறது?" என்று அடித்து நிறுத்தினேன். ஐந்து வருஷம் அவன்தான் எங்கள் நிலத்தை உழுதான். சுனில்தாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனான். இப்போது அவனுக்கு மூன்று பிள்ளைகள்.

எல்லாப் பழியையும் உன் பெட்டிமேல் போட்டுக்கொண்டு நான் எட்டு வருஷம் நிம்மதியாக இருந்தேன். நிம்மதி என்று சொல்லக்கூடாது. வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

கேள். பத்து வருஷம் முடிந்தால் வழக்கு செத்துப்போகும் என்று வக்கீல் அப்போதே சொன்னார். அடுத்த வருஷம் அக்டோபரோடு முடிகிறது. அதன்பிறகு நாடாவில் என்ன இருக்கிறது என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல். லாதிஸ்லாவோவின் பெயரை அப்போது கழுவலாம், யாருக்கும் கேடில்லாமல். அதுவரை உன் வாயும் என் வாயும் மூடியிருக்கட்டும். ஒன்றரை வருஷம்தான். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

எவுசே


அசுன்சியோன்,
2 மே 2003

எவுசே,

உன் கடிதம் இன்று கிடைத்தது. என் கடிதமும் உனக்கு இதற்குள் கிடைத்திருக்கும்.

வாசித்ததும் நீதிமன்றத்துக்கு ஓடினேன். மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "போட்டது போட்டதுதான், டாக்டர். நம்பர் விழுந்துருச்சு. போன வாரம்தான் இது நியாயத்துக்காகன்னு சொன்னீங்களே?" என்று கேட்டார்கள். லாதிஸ்லாவோவுக்குச் சம்மன் அனுப்பியாயிற்றாம். ஜூன் 12.

உன்னைக் கேட்காமல் செய்தேன். இரண்டரை வாரம் காத்திருந்தேன், இன்னும் ஒரு வாரம் காத்திருக்கவில்லை. உனக்காகத்தான் என்று நினைத்தேன். இல்லை, எனக்கு அந்தப் பாரத்தைச் சீக்கிரம் இறக்க வேண்டியிருந்தது.

லாதிஸ்லாவோ என்ன செய்யப் போகிறார்? நான் என்ன செய்ய வேண்டும்? நீ சொல்வதைச் செய்கிறேன், சொல்லாததைச் செய்யமாட்டேன்.

நிமியா


இவிராரோ,
15 ஜூன் 2003

நிமியா,

முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

சம்மன் வந்த அன்றே தாச்சோ வந்து வாசலில் நின்றான். "நான் போறேன் மச்சான். இந்தத் தடவ நான்தான் போவேன்" என்றான். லாதிஸ்லாவோ அவனை மரவள்ளித் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. தாச்சோ திரும்பி வரும்போது முகம் வெளிறியிருந்தது.

ஓவியேதோவுக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். சுனில்தா வராமல் இருக்கமாட்டேன் என்றாள். நீதிபதி சின்ன வயசுப் பெண். குவாரானியிலேயே பேசினார். உன் நாடாவை ஒரு பெட்டியில் போட்டு இரண்டு தடவை ஓடவிட்டார்கள். நிமியா, என் உலக்கைச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அந்தச் சொல்லுக்கு நேராகத்தான் விழுகிறது. "எரிச்சிட்டோம்" கேட்கிறது. அதற்கு முந்தினது கேட்கவில்லை. உனக்குக் கேட்டிருக்கிறது, உன் காது வேறே.

நீதிபதி கேட்டார்: "ஐயா, இந்த டாக்டரம்மா அந்த ஆளு 'நாங்க'ன்னு சொன்னதா எழுதியிருக்காங்க. அப்படின்னா உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. தண்டனையவே அழிச்சிரலாம். ஆனா அந்த ஆளு யாருன்னு நீங்க சொல்லணும்."

லாதிஸ்லாவோ எழுந்து நின்றார். தொப்பி கையில். எட்டு வருஷமாக நான்கு சுவருக்குள் பேசாத மனுஷன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"டாக்டரம்மா தப்பாக் கேட்டுட்டாங்க. ஒரல் சத்தத்துல அவங்களுக்குக் கேக்கல. அவன் 'நாம'ன்னுதான் சொன்னான். நாம எரிச்சிட்டோம்னு. நானும்தான் எரிச்சேன். அதுக்கு அஞ்சு வருஷம் இருந்துட்டு வந்துட்டேன். கூட வந்தவன் செத்துப்போயிட்டான்."

நீதிபதி, "நல்லா யோசிச்சுச் சொல்றீங்களா?" என்று கேட்டார். "யோசிச்சுத்தான் தாயே" என்றார். எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டார்.

பஸ்ஸில் சுனில்தா அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டாள்: "ஏம்ப்பா பொய் சொன்ன? நெலமும் போச்சு, பேரும் போச்சு. எதுக்கு?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் பேசினார். "முழுப் பொய்யி இல்லம்மா. அவன் 'நாங்க'ன்னுதான் சொன்னான். அத கேட்டப்ப எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அந்த டிராக்டரு நம்ம வீட்டயும் இடிச்சுது. அவன் என்னயக் கூப்பிட்டிருந்தா நானும் போயிருப்பேன். கூப்பிடல, அவ்வளவுதான்."

இத்தனை வருஷமும் என் தலையாட்டலுக்காகத்தான் அவர் உள்ளே போனார் என்று நினைத்திருந்தேன்.

தாச்சோ முக்குரோட்டிலேயே காலையிலிருந்து நின்றிருக்கிறான். இவர் இறங்கி, "போய் வேலயப் பாரு" என்றார். அவன் இவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மறுநாளே அர்ஜென்டினாவுக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பிவிட்டான். பெண்டாட்டி பிள்ளைகளைப் பிறகு அழைத்துக்கொள்கிறானாம். எங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று அவளிடம் சொன்னானாம். எந்தத் தம்பிக்காக இதையெல்லாம் செய்தேனோ அவன் இங்கே இல்லை.

பட்டாவை என் பெயரில் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன். வருஷங்கள் ஆகும் என்கிறார்கள்.

நீதிமன்றத்திலிருந்து உன்னைக் கேட்பார்களாம், நீ தப்பாகக் கேட்டிருக்க முடியுமா என்று. என்ன சொல்ல வேண்டும் என்று உனக்கு நான் சொல்லப் போவதில்லை.

இனி எழுதாதே, நிமியா. கோபத்தில் சொல்லவில்லை. கோபம் இருந்த காலத்தில் எனக்கு வசதியாக இருந்தது. இப்போது உன் கடிதம் வந்தால் நானும் நினைக்க வேண்டியிருக்கிறது. கொஞ்ச நாள் நினைக்காமல் சோளம் இடிக்க வேண்டும்.

எவுசே


அசுன்சியோன்,
9 ஜூலை 2003

எவுசே,

எழுதாதே என்றாய். இது ஒன்றுதான், பதில் வேண்டியதில்லை.

நேற்று கூப்பிட்டிருந்தார்கள். என் எதிரிலேயே நாடாவை ஓடவிட்டார்கள். உலக்கை விழுகிறது. அதற்கு அடியில் தாச்சோவின் குரல் தெளிவாக, "நாங்க" என்கிறது. எனக்கு அது வீட்டுக்குள் குழாய் ஒழுகுகிற மாதிரி கேட்கிறது, கேட்காமல் இருக்க முடியாது. "என்ன சொல்றீங்க, டாக்டர்?" என்றார்கள். "வயசாகிவிட்டது. காது முன்மாதிரி இல்லை. அந்தச் சொல்லை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. என் மனுவில் இருப்பது பிழை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குரல் யாருடையது என்று முன்பு பொய் எழுதியிருக்கிறேன். காதில் விழுந்த சொல்லைப் பற்றி நான் எழுதிய முதல் பொய் இதுதான். முப்பது வருஷமாக இந்தக் காதை நம்பித்தான் பிழைத்தேன்.

பல்கலைக்கழகத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. என்னிடம் படித்த பெண் ஒருத்தி போன் செய்து, "அப்ப உங்க பழைய பதிவுகளையும் இன்னொருத்தர் சரிபாக்கணுமா, மேடம்?" என்று மரியாதையாகக் கேட்டாள். சரிபார்க்கட்டும் என்றேன். இதற்காக எனக்கு வருத்தம் இல்லை. ஐந்து வருஷத்துக்கு ஈடாக இது ஒன்றுமேயில்லை என்பதுதான் வருத்தம்.

லாதிஸ்லாவோ பஸ்ஸில் சொன்னதைப் பலமுறை வாசித்தேன். நான் சொல்லை மட்டும் கேட்டேன். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷன் என்ன நினைத்தார் என்று ஒரு நாளும் அவரைக் கேட்டதில்லை. ஏழு மாதம் அவர் கையால் தெரெரே வாங்கிக் குடித்திருக்கிறேன்.

உன் வீட்டில் பதிவு செய்த பதினேழு நாடாவையும் இந்தப் பொட்டலத்தில் வைத்திருக்கிறேன். பிரதி எதுவும் நான் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொள், எரித்துவிடு, உன் இஷ்டம். நான்காவதில் சுனில்தா பல் விழுந்த கதையைச் சொல்கிறாள். அவளுக்கு வேண்டுமானால் கொடு.

நேரில் கொண்டுவந்து கொடுக்கலாம் என்று காலையில் பஸ் நிலையத்துக்குப் போனேன். காகுவாசுவுக்கு டிக்கெட் எடுத்து, ஜன்னலோரம் உட்கார்ந்தும் விட்டேன். பஸ் கிளம்பப் போகிறபோது எழுந்து இறங்கிவிட்டேன். உன் வாசலில் நின்று கைதட்டிக் கூப்பிட்டால் நீ "யாரு?" என்று கேட்பாய். "கொமாத்ரே" என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, "டாக்டரம்மா" என்று சொல்ல மனம் வராது.

பொட்டலத்தை டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நிமியா